மூன்றாவது உதடு

பொங்கியண்ணன் கொண்டுவந்தது ஒரு ரப்பர் வளையம்.
கணபதியில் அவருக்கு லேத்துப் பட்டறை.
எண்ணூறு அடி போர்வெல்லில்
மணல் ஏறி மோட்டார் புஷ் தேயாமலிருக்க
ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உதடு.
"இதுக்கு மேல ஒண்ணுமில்லீங்க" என்றார்.

விண்ணப்பம் இங்கிலீஷில்தான்.
அவருக்காகத் தமிழில் சொல்லச் சொல்ல
என் காதுக்கே சொற்கள் ஊதிக்கொண்டு போயின.
ரப்பர், நெகிழும் பொருள் ஆயிற்று.
வளையம், ஓர் உறுப்பு.
மூன்று உதடும் சேர்ந்து
'மணலைத் தடுக்கும் ஏதேனும் ஓர் அமைப்பு'.

"இதுல என்ற வளையம் எங்கீங்க இருக்குது?"
"எல்லா இடத்துலயும்" என்றேன்.
அன்றைக்கு அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

அவர் காட்டுப் பத்திரம் எழுதிப் பழகியவர்.
"நாலெல்லை போடோணுமுங்க.
வடக்கே ஆறுக்குட்டி கிணறு, தெற்கே இட்டேரி,
கிழக்கே கிளுவை வேலி, மேக்கே பள்ளம்.
பூமியெல்லாம் என்றதுன்னு எழுதுனா
ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சிரிப்பாங்க."
சிரித்தது நான்தான்.

இரண்டு வருடம் கழித்துச் சென்னையிலிருந்து ஆய்வறிக்கை.
கூடவே ஒரு பழைய விவசாயக் கையேட்டின் பக்கம்:
கிணற்று மோட்டாரின் புட்வால்வில்
கிழிந்த சேலையைச் சுற்றி
கயிற்றால் கட்டியிருக்கும் படம்.
துணி, நெகிழும் பொருள்.
சுற்றியது, ஓர் உறுப்பு.
மணலைத் தடுக்கிறது.
என் வார்த்தைகளையே ஒவ்வொன்றாய் எடுத்து
அந்தச் சேலைக்கு உடுத்திவிட்டிருந்தார் அதிகாரி.
அகலக்கால் என்பார்கள்.
நான் வைத்தது அகலச்சொல்.

சுருக்கினேன்.
'மூன்று உதடுகளை உள்ளடக்கிய வளையம்'
என்று திருத்தி,
பதில் கடிதத்தில் ஒரு வரி கூடுதலாகவும் எழுதினேன்:
மூன்று என்பதே இதன் உயிர்.
"சேலைய உட்டுட்டம். வேற என்னென்னங்க போச்சு?"
ஒற்றை உதடு போச்சு, இரட்டை உதடு போச்சு,
உதடே இல்லாததெல்லாம் போச்சு.
கேட்டுக்கொண்டே டீயை ஆறவிட்டார்.

உரிமை கிடைத்த அடுத்த வருடம்
சூலூர்க் கம்பெனி ஒன்று வளையம் போட்டது.
இரண்டே உதடு. மேலே இருப்பது மட்டும் தடிமன்.
கோர்ட்டில் அவர்கள் வக்கீல்
என் கடிதத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தார்.
"மூன்று என்பதே இதன் உயிர்.
நாங்கள் சொல்லவில்லை, அவர்களே சொன்னது."
எனக்கு எதிராக
அத்தனை தெளிவாக யாரும் எழுதியதில்லை.

நேற்றுப் பொழுதோட
பொங்கியண்ணன் கிணத்துக்கடவிலிருந்து நேராக வந்தார்.
ஒரு தென்னந்தோப்பில்
ஆறு மாதம் ஓடிய மோட்டாரைக் கழற்றி
சூலூர் வளையத்தை எடுத்து வந்திருந்தார்.
பேப்பரைப் பிரித்து மேசையில் வைத்தார்.
"எண்ணுங்க."

தடித்த உதட்டின் நடுவே
மணல் ஒரே சீராய்ப் பள்ளம் அறுத்திருந்தது.
மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று.
விற்கும்போது இரண்டு.
ஓட ஓட மூன்று.

கோரலை எடுத்துத் திரும்பப் படித்தேன்,
நகக்கண்ணில் மணல் நறநறக்க.
எத்தனை உதடு என்று இருக்கிறது.
எப்போது என்று இல்லை.
ஒவ்வொரு சொல்லையும் இறுக்கிக் கட்டிய நான்
அந்த ஓரிடத்தில் மட்டும்
தெரியாமல் அகலமாய் விட்டிருக்கிறேன்.

வாய்தா பதினேழாம் தேதி.