பக்கத்துக்கு ரெண்டு ரூபாய்

ஏஜென்ட் பரீட்சையில் ஒரு கேள்வி:
எப்போதெல்லாம் ஒரு கம்பெனியின் உரிமத்தை
ஆணையம் நிறுத்தி வைக்கலாம்?
நான்கு விடைகள். நான் 'இ' போட்டேன்.
பக்கத்து நாற்காலிக்காரரும் 'இ'.
ஐம்பதுக்கு முப்பத்தொன்று, பாஸ்.
கேள்வி அங்கேயே கிடந்தது.

திருச்செங்கோட்டில்
பேக்கரிக்கும் ரிக் வண்டி ஸ்பேர் கடைக்கும் நடுவே
என் ஜெராக்ஸ் கடை.
கண்ணாடியில் வஜ்ரகவச் ஜெனரல் ஸ்டிக்கர்:
கேடயம் தூக்கிய ஒரு நீலச் சிங்கம்.
போர்வெல் வண்டி, டேங்கர், தவிட்டு லாரி
எதுவானாலும் மூன்றாம் நபர் பாலிசி
டீ ஆறுவதற்குள் கையில்.

போன ஆடியில் சம்பூர்ணம் வந்தாள்.
எக்ஸ்ரே கவருக்குள் காகிதக் கட்டு.
"ரெண்டு செட்டுங்க.
எழுத்து மங்காம இருக்கோணும்."
நாற்பத்தாறு பக்கம், ரெண்டு செட்,
நூற்றி எண்பத்து நாலு.
நாலு ரூபாயை விட்டுவிட்டேன்.

வருகிற காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தால்
ஜெராக்ஸ் கடை நடத்த முடியாது.
ஆனாலும் வெளிச்சம் ஓடி ஓடித் திரும்புகையில்
கண்ணில் விழுந்தது:
வாலரைகேட் திருப்பம், இரவு பதினொன்றேகால்,
மொபெட்டில் வந்த டிரில்லர் செங்கோட்டுவேல்.
மாத வருமானமென்று நீதிபதி ஒப்பிய தொகை,
அதில் அவன் தின்றிருக்கக்கூடியதற்கு
மூன்றில் ஒரு பங்கு கழிவு,
மீதியைப் பெருக்கிப் பதினாலு லட்சத்து அறுபதாயிரம்.
மேல்முறையீடு தள்ளுபடி, தேதி.
அந்தத் தேதி முடிந்து
மூன்று மாதமும் பதினேழு நாளும்.

கடைசித் தாள் அவள் கையெழுத்து.
ஐயா, கேஸ் முடிந்து போச்சு, பணம் வரவில்லை.
ஈரோட்டில் கேட்டால் சேலம் என்கிறார்கள்.
சேலத்தில் கேட்டால் மும்பை என்கிறார்கள்.
எனக்கு மும்பைக்கு வழி தெரியாது.
உங்களை ஹைதராபாத் என்று குமாஸ்தா சொன்னார்.
நீங்களாவது அங்கேயே இருங்கள்.

சிங்கம் என் முதுகுக்குப் பின்னால் நின்றது.
அவள் அதைப் பார்க்கவில்லையா,
பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடைக்கு வந்தாளா,
இன்றுவரை தெரியாது.
பின் அடித்துக் கொடுத்தேன்.
முப்பதாம் பக்கம் சற்று மங்கல்,
மறுபடி எடுத்தேன், காசு வாங்கவில்லை.

தை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை
செல்போனில் சர்க்குலர்.
கடனுக்கு ஈடாய் வைத்திருக்க வேண்டிய
ஒன்றரைப் பங்கு கையிருப்பில் இல்லை.
இறுதித் தீர்ப்பான இழப்பீடுகள்
மூன்று மாதம் தாண்டியும் கொடுபடவில்லை.
கேட்ட கணக்கைக் காட்டவில்லை.
ஆகவே உரிமம் நிறுத்திவைப்பு,
புதுப் பாலிசி எழுதலாகாது.
இணைப்பில் புகார்ப் பட்டியல்.
விரலால் தள்ளித் தள்ளி
நூற்று முப்பத்தெட்டாவது வரி: திருச்செங்கோடு.

'ஈ' போட்டிருக்கணும்.
மேற்சொன்ன அனைத்தும்.

முதலில் ரிக் ஓனர் பெரியண்ணன் வந்தார்,
செருப்பைக் கூடக் கழற்றாமல்.
"ஏப்பா, போன மாசங் கட்டுனது செல்லுமா செல்லாதா?"
"முடியற தேதி வரைக்கும் செல்லுமுங்க."
"அதுக்குள்ள எவனாச்சும் குறுக்க வந்து உழுந்தான்னா?"
"கம்பெனிதானுங்க கட்டோணும்."
"கட்டுவாங்களா?"
மிஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டதுபோல்
மூடியைத் திறந்து குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் சம்பூர்ணம்,
பேங்க் பாஸ்புக்கில் முதல் பக்கம் மட்டும்.
"நிறுத்திப்போட்டாங்களாமா?"
"ஆமாங்க. புதுசா விக்கறதை."
"அப்ப எம்பட காசு?"
"அது பழைய கடனுங்க. நிக்காது. குடுத்தே ஆகோணும்."
கொஞ்ச நேரம் சில்லறையை எண்ணினாள்,
ரெண்டே ரூபாயை.
"அப்ப இன்னைக்கு நின்னது
உங்க கமிஷன் மட்டுந்தானுங்."
குத்தலாகச் சொல்லவில்லை.
தராசு முள்ளைப் பார்த்து
எடை சொல்கிற குரல்.

அவள் இருக்கும்போதே பிளேடால் சுரண்டினேன்.
பிடரி வந்தது, வால் வந்தது,
கேடயம் மட்டும் கண்ணாடியை விடவில்லை.
"தேங்காண்ணெய தடவி
சித்தெ ஊற உடுங்க," என்றாள்,
பாஸ்புக்கை எக்ஸ்ரே கவருக்குள் செருகியபடி.