முன்னிருக்கை

காரங்காட்டில் கயிற்றை அவிழ்த்தபோது
நாங்கள் ஏழு பேர், நாலு படகு.
ஒற்றைப் படகு சந்தியாகுவுக்கு.
மீதி ஆறு பேரையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்தான்.
கணவனும் மனைவியுமாய் வந்தவர்கள்
வேறு வேறு படகில் விழுந்தார்கள்,
இருவருக்கும் அதில் சந்தோஷம்.
எனக்கு விழுந்தது ஒரு முதுகு.

பெயர் ஜொஹரா. பரமக்குடிக் கருவூலத்தில் வேலை.
அதைச் சொல்லிவிட்டு முன்னிருக்கையில் ஏறியவர்
அப்புறம் திரும்பவே இல்லை.
பின்னால் இருப்பவன் முகம் பார்க்க முடியாது.
ஆரஞ்சு மிதவைச் சட்டை, முறுக்கிக்கொண்ட அதன் வார்,
முக்காட்டின் ஓரத்தில்
உப்புக் காய்ந்து வரைந்த வெள்ளைக் கோடு.

அலையாத்தி வேர்கள்
சேற்றிலிருந்து விரல் நீட்டி எங்களை எண்ணின.
முகத்துவாரம் தாண்டினால் கடல்.
கடல் என்று சொல்லத் துணிச்சல் வேண்டும்:
முழங்கால் தண்ணீர், மாசி மாதத்து அசையாத் தண்ணீர்,
துடுப்பைச் சுற்றும் கடற்புல்.
மோர்ப்பண்ணைக்கு நேரே இறங்கி
அடம்பிடிக்கும் மாட்டை இழுப்பதுபோல்
படகுகளை இழுத்தோம்.
நண்டு வலை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர்
நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:
"காசு குடுத்தா இதச் செய்றீங்க?"

ராத்திரி, திருப்பாலைக்குடிக்கு வடக்கே,
கருவேலம் புதரோரம் நாலு கூடாரம்.
உப்புமாவில் மணல்.
மணலில் கொஞ்சம் உப்புமா என்றான் சந்தியாகு.

பன்னிரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சம்.
கடலோரக் காவல்.
எந்த ஊரு, எத்தனை பேரு,
எந்தப் பக்கமிருந்து வந்தீங்க?
அந்தக் கடைசிக் கேள்வியில்
ஒரு கடலின் அகலம் இருந்தது.
எல்லோரும் ஆதாரை நீட்டினார்கள்.
என்னுடையது காகிதம்; பையோடு நனைந்து
எண் பிழைத்து முகம் அழிந்திருந்தது.

"இது யாரு?"

சந்தியாகு வாய் திறப்பதற்குள்
கூடாரத்துக்குள்ளிருந்து ஜொஹராவின் குரல்:
"எனக்குப் பின்னால துடுப்புப் போடுறவரு.
இடது தோள்ல வலி, சொல்ல மாட்டேங்கிறாரு.
காலையிலிருந்து படகு இடப்பக்கமாவே போகுது."

காவலர் அதையும் நோட்டில் எழுதினாரோ என்னவோ.
காகிதம் என் கைக்குத் திரும்பி வந்தது.

விடிந்ததும் தேவிபட்டினம் நோக்கித் தள்ளினோம்.
தூரத்தில் பூநாரைகள், சந்தியாகு எண்ணி எண்ணி விட்டுவிட்டான்.
கொஞ்ச தூரம் போனபின் கேட்டேன்,
அந்த வாரை நேராக்கிவிடட்டுமா?
"எந்த வார்?" என்றார், திரும்பாமல்.
இடப்பக்கம் மட்டும்
ரெண்டு துடுப்பு அதிகம் போட்டார்.