மில்லின் பின்சுவர்

நவம்பர்த் துண்டில் அறுபத்தொரு யுனிட்.
ஒன்று.
அந்த ஒன்று படி தாண்டியதில்
மற்ற அறுபதுக்கும் விலை மாறிவிட்டது.
மீற்றர் பார்க்க வந்த பொடியன்
குடையை மடக்காமலே துண்டை நீட்டினான்:
"நான் என்ன செய்யிற ராத்தா,
சக்கரம் சுத்தினதத்தான் எழுதின."

அன்றிரவு என் வீட்டுக்குள்ளேயே
திருடியைப் போல நடந்தேன்,
எது குடிக்கிறது என்று காது வைத்து.
ஃப்ரிட்ஜுக்குள் அரை மூடித் தேங்காய்,
நேற்றைய ஆணம் ஒரு சிரட்டையளவு.
இதற்கா இத்தனை உறுமல்?
பிடுங்கிவிட்டேன்.
இப்போது அதற்குள்
மகளின் கொப்பிகள், காணி உறுதி, கலியாண அல்பம்.
மாரி ஈரம் எட்டாத ஒரே அலுமாரி.

அயனுக்குக் கேத்தல் போதும்.
கொதித்த அடியைத் துடைத்து இழுத்தால்
பர்தாவின் மடிப்பு படியும்.
ஒரு தரம் கரி பட்டது.
அஃப்கா அன்று முழுக்க
கையால் பொத்திக்கொண்டே பள்ளியில் இருந்தாளாம்.

மிஞ்சியது குஞ்சுப்பெட்டி பல்ப்.
விடிய விடிய அறுபது வோற்ஸ்.
இருபத்திரண்டு குஞ்சுகள்.
அணைத்த இரவு
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குளிரை மிதித்தன.
காலையில் அடியில் மூன்று
தட்டையாக.

மனுசன் தோஹாவிலிருந்து எடுத்தார்.
"இஞ்ச ஏசி பதினெட்டுல ஓடுது.
ரிமோட் நேபாளப் பொடியன்ட கையில.
ரெண்டு போர்வை போத்தியும் நடுங்குது."
"பில் யாருக்கு?"
"கொம்பனிக்கு."
பிறகு ரெண்டு பேரும்
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நாய்கள்தான் காட்டின.
அரிசி மில்லின் பின்பக்கம்
ஒரு முழத் தாழ்வாரத்தில்
ஏழு நாய்கள் வரிசையாக,
முதுகைச் சுவரில் ஒட்டி.
மழை அவற்றின் மூக்கு நுனியில் விழுந்தது,
அவை அசையவில்லை.
தொட்டுப் பார்த்தேன்.
காய்ச்சல்காரியின் நெற்றி மாதிரி இருந்தது சுவர்.

உள்ளே உமி எரிந்து நெல் அவிகிறது.
வெளியே கசிவது
யாருடைய மீற்றரிலும் இல்லை.

முதல் நாள் ஒரு சோடி ஈரச் சொக்ஸ்.
மறுநாள் சாக்குச் சுற்றிய குஞ்சுப்பெட்டி.
உமி தள்ளும் வீரமுனை டிலக்சன் எட்டிப் பார்த்தான்.
"என்னக்கா, மில்லுக்குக் கோழி காவலா?"
சிரித்துவிட்டு
பெட்டியை நாலடி இடப்பக்கம் நகர்த்தினான்.
"உலை இதுக்கு நேரதான்."

பிறகு பரீனா வந்தாள், காயாத பாயோடு.
நாற்பது முடிந்த மறுநாளே ஹில்மியா வந்தாள்,
பிள்ளையை மார்பில் சுற்றிக்கொண்டு.
முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடியவள்
மஃரிப் பாங்கு சொல்லும்வரை திறக்கவில்லை.
நாய்கள் எங்களுக்காக
அரை அடி தள்ளிப் படுத்தன.

ஒரு நாள் ஹாஜியார் டோர்ச் அடித்துப் பார்த்தார்.
சுவருக்கு வாடகை எழுதலாமோ என்று
முகம் ஒரு கணம் கணக்குப் போட்டது.
ஹில்மியாவின் பிள்ளை தும்மியது.
டோர்ச்சை அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மில் இல்லை.
வியாழன் சூடு அசர்வரை தாக்குப்பிடிக்கும்,
பிறகு சுவர் வெறும் சுவர்.
அந்த இரவுகளில் பத்தொன்பது குஞ்சும்
கடகத்தில், எங்கள் பாயில்,
மகளுக்கும் எனக்கும் நடுவில்.
புரண்டு படுக்காமல் தூங்குவது
அவ்வளவு லேசில்லை.
விடியும்போது யாரால் யாருக்குச் சூடு என்று
தெரியாமல் கிடந்தோம்.

டிசம்பரில் மீற்றர்ப் பொடியன்
பெட்டியை ரெண்டு தரம் தட்டினான்.
"முப்பத்தெட்டா? பழுதோ ராத்தா?"
சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது.
குடை எங்கோ காற்றில் முறிந்திருக்க வேண்டும்.
பல் அடித்தது அவனுக்கு.

"பழுதில்ல.
மில்லுக்குப் பின்னால போ.
நாயளுக்குப் பக்கத்துல இடமிருக்கும்.
கொஞ்ச நேரம் முதுகக் காட்டிட்டு
மத்த வீடுகளுக்குப் போ."