மூன்றரை சென்டிமீட்டர்

ஒன்றுக்கு முப்பத்தைந்து என்று கணக்கு.
என் ஐந்தேகால் அடி உடம்பு
அதில் சுண்டுவிரலைவிடச் சின்னது.

நான் தேடியவரை அந்த லாரிக்கு கிட் இல்லை.
முடிச்சூர்வரை நீந்தி வந்த வண்டி,
ஆனால் கடைக்காரர் எடுத்து நீட்டுவதெல்லாம்
பனியில் ஓடும் வேறேதோ நாட்டு லாரி.
சரியென்று அதையே வாங்கி
மூக்கை அறுத்தேன்.
பகலில் பல் செட்டுக்கு மெழுகு செதுக்கும் அதே கத்தி.
முகப்புக்கு ரிச்சி தெருச் செம்புக் கம்பி.
தார்ப்பாய்க்கு
பெவிகால் நீரில் முக்கிய டிஷ்யூ பேப்பர்.
காயும்போது அதுவே சுருங்கி
அதுவே நாலு நாள் மழையில் நின்றது போலாயிற்று.
அதற்கு மட்டும் நான் ஒன்றும் செய்யவில்லை.

ஐப்பசியில் பச்சை அடிக்கக் கூடாது.
காற்றிலேயே தண்ணீர்.
பூச்சு வெளுத்துப் பூசணம் பிடித்த மாதிரி ஆகிறது.
மூன்று முறை சுரண்டி, நான்காம் முறை
கதவைச் சாத்தி ஃபேனை நிறுத்தி
வியர்வை மூக்கு நுனியில் தொங்கத் தொங்க அடித்தேன்.
கம்ப்ரஸர் இரைச்சலில்
கொசுமருந்து வண்டி வந்துவிட்டதென்று
கீழ்வீட்டு ரூபாவதி
தைக்கக் கொடுத்த துணிகளையெல்லாம் மூடிவைத்தாளாம்.

சக்கரத்துச் சேறு அசல்.
அடையாற்றங்கரையில் ஒரு கைப்பிடி அள்ளி
மொட்டை மாடியில் காயவைத்து
டீ வடிகட்டியில் சலித்தது.
பசையில் குழைத்ததும் அந்த வாடை வந்தது.
எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

பெட்டிக்குள் சிப்பாய்கள் எட்டுப் பேர்.
எட்டுப் பேரும் குறி பார்க்கிறார்கள்,
நின்று, மண்டியிட்டு, படுத்து.
ஏணி பிடிக்கிறவன் ஒருவனும் இல்லை.
துப்பாக்கிகளை அறுத்துத்
தீப்பெட்டிக்குள் போட்டேன்.
(இரவு கரண்ட் போனபோது
செழியன் அதைத் திறந்து உரசப் பார்த்துத்
திட்டியது தனிக் கதை.)
மிஞ்சிய கைகள்
மடங்கி, ஏந்தி,
எதையாவது கொடேன் என்று நின்றன.

ஒருவனுக்குக் குக்கர்.
அன்றைக்கு இரண்டு விசில் வந்த சாதத்தை
விட்டுவர மனமில்லாமல் நான் நீட்ட,
பேச்சுப் புரியாத அந்தப் பையன்
கை சுட்டு, ஊதிக்கொண்டு,
மார்போடு அணைத்து வாங்கினான்.
இன்னொருவனுக்கு ரூபாவதியின் தையல் மிஷின் தலை.
படுத்துச் சுடுகிறவனை என்ன செய்வது?
அப்படியே வண்டிக் கூரைமேல் கிடத்தினேன்.
பொருந்தினான்.
பால்கனியை நோக்கி இரண்டு கையும்.

கடைசியாகத் தண்ணீர்.
ரெசின் இரண்டு லிட்டர்,
நிறத்துக்கு ஆறிய டீயைப் பார்த்துப் பார்த்துக் கலந்தேன்.
எதுவரை ஊற்றுவது?
கேட் தாழ்ப்பாள்வரை என்றேன்.
ஜன்னலின் அடிக்கம்பி என்றான் செழியன்.
அவன் அன்று பெங்களூரில் இருந்தான்,
வாட்ஸ்அப்பில் பார்த்த வெள்ளம் அவனுடையது.

ரூபாவதியைக் கூப்பிட்டோம்.
கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள்.
குனிந்து, தெருவை நுழைந்து பார்ப்பவள் போல
வெகு நேரம் பார்த்தாள்.
என் பென்சிலை வாங்கி
இரண்டுக்கும் மேலே ஒரு கோடு.
"உங்களை ஏத்தினப்ப நீ சொல்ற அளவு.
நான் ஏறினது ரெண்டாவது நடை."

அளந்தேன். மூன்றரை சென்டிமீட்டர்.
சலித்துச் சலித்துப் பூசிய சேறெல்லாம்
கோட்டுக்குக் கீழே போய்விடும்.
போகட்டும்.

மெல்ல ஊற்றினேன், மூன்று தடவையாய்.
குமிழிகளை ஊசியால் குத்தினேன்.
பச்சை வாசலில் அவள் கடை,
அதற்குள் நான் செய்துவைத்த கட்டில், ஸ்டூல்,
எல்லாம் டீ நிறத்துக்குள் இறங்கின.

படியில் பாதி போனவள் திரும்பி வந்து
"ஒத்தைச் செருப்பு ஒண்ணு மிதந்துது.
நீலம். யாரோடதுன்னே தெரியல" என்றாள்.

பிளாஸ்டிக் துணுக்கில் ஒன்று செதுக்கினேன்,
நீளம் ஏழு மில்லிமீட்டர்.
இடுக்கியால் வைத்தேன்.
கொஞ்சம் அமிழ்ந்தது.
மூவரும் பேசவில்லை.
பிறகு நின்றது.

நாளைக் காலைவரை
மேஜையை யாரும் ஆட்டக் கூடாது.