முப்பத்தொன்றாம் படம்

நவம்பர். தோவில் கடற்கரையில்
குடைகளையெல்லாம் மடக்கிக் கட்டிவிட்டார்கள்.
மண்டபத்தில் முந்நூறு நாற்காலி,
ஈரக் கோட்டுகளின் வாடை.
மூன்று நாளைக்கு என் வேலை
கை தூக்கியவரிடம் ஒலிவாங்கியோடு ஓடுவது.

காலையில் ஒருவர்
குதிரையின் உமிழ்நீரை லிட்டர் கணக்கில் அளந்தார்.
இன்னொருவர் ஓட்ஸைக் குறைக்கச் சொன்னார்.
வாசலில் ஓட்ஸ் மூட்டை விற்பவர்
அவருக்கும் ஒரு பேனா பரிசளித்தார்.
கொள்ளென்றால் வாய் திறக்குமாம்,
கடிவாளமென்றால் மூடிக்கொள்ளுமாம்.
காபிக்கு முண்டியடித்தவர்களில்
கேள்வி நேரத்துக்குத் திரும்பியவர்கள் பாதி.

பதினொன்றரைக்குப் பேராசிரியர் ஒதில் மார்ஷெசோ.
குளம்பழற்சி.
வசந்தப் புல்லின் சர்க்கரை
குடலைக் கலக்கி, இரத்தத்தில் இறங்கி,
எலும்பையும் குளம்பையும் கோத்துவைத்த
மெல்லிய இதழ்களை
ஒவ்வொன்றாய் அவிழ்த்துவிடுகிறது.
"அரை டன் உடம்பு
நான்கு நகங்களுக்குள் தொங்குகிறது" என்றார்.
நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
குதிரை நிற்கிறது என்றே
இதுவரை நினைத்திருந்தேன்.

முப்பத்தொன்றாம் படம், ஊடுகதிர்:
குதிரை எண் பதினான்கு. இடது முன்னங்கால்.
சாய்வு பதினோரு பாகை.
கருப்பில் வெள்ளையாய் எலும்பு,
எலும்பைவிட வெள்ளையாய் லாடம்,
வெளிப்பக்கம் நான்கு ஆணி, உள்பக்கம் இரண்டு,
தள்ளி, எள்ளளவு ஒரு புள்ளி.
"அது படத்தின் கோளாறு.
பொருட்படுத்த வேண்டாம்."

கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது.
ஓடினேன்.
கழுத்தட்டையில் க்வெனயேல் லெ பியான், லாடமடிப்பவர்.
குனிந்தே பழகிய முதுகு,
நிமிர அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.
ஒலிவாங்கியைச் சுத்தியல் மாதிரி பிடித்தார்,
நுனியில்.

"அவள் பெயர் ஃபூஷேர்."

அந்த நாட்டில் ஆண்டுக்கு ஓர் எழுத்து;
அவ்வாண்டுக் குட்டிகள் எல்லாம்
அந்த எழுத்தில்தான் தொடங்கும்.
ஃபூஷேர் என்றால் பெரணிச் செடி.
எழுதிப் பார்த்தேன், பெயரின் தலையில்
மூன்று ஆணித்துளைகள்.

"மன்னிக்கவும், உங்கள் கேள்வி?"
"கேள்வி இல்லை.
அந்தப் புள்ளி கோளாறு இல்லை.
என் ஆணி. முறிந்துவிட்டது. நுனியை எடுக்க முடியவில்லை.
எடுக்கப் போனால் சுவர் பெயர்ந்துவிடும்.
யாரிடமும் சொல்லவில்லை."

யாரோ இருமினார்கள்.
தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.
நன்றி, அடுத்த படம்.

மதிய உணவில் பேராசிரியர்
தட்டோடு மேசை மேசையாகத் தேடினார்.
அவர் உப்புக்கட்டிக் கடைக்குப் பின்னால்
நின்றபடி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.
"எங்கள் கணக்கு நான்காம் மாதத்தோடு முடிந்தது,
அதற்குப் பிறகு..." என்று இழுத்தார் பேராசிரியர்.
கேள்வி இப்போது அவருடையது.

லெ பியான் கைபேசியை எடுத்தார்.
காய்ப்பேறிய கட்டைவிரலைத் திரை மதிக்கவில்லை.
இரண்டு முறை, மூன்று முறை.
பேராசிரியர் தன் விரலை நீட்டித் தள்ளினார்:
ஒரு கதவு, ஒரு நாய், யாருடைய திருமணமோ,
பிறகு மழையில் ஒரு ஆப்பிள் தோப்பு.
நமக்குப் புட்டத்தைக் காட்டிக்கொண்டு
ஒரு செந்நிறப் பெட்டை,
வாளியில் நனைத்த வைக்கோலில் முகம் புதைத்து.

"நிற்கிறாளே!"
"தொங்குகிறாள்" என்றார். "இன்னும்."

புள்ளி எந்தப் பக்கமாக நகர்ந்தது என்று
பேராசிரியர் கேட்டதும்
லெ பியான் காகிதக் கைக்குட்டையில்
குளம்பு வரையத் தொடங்கியதும்
எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.
மணி அடித்துவிட்டது.

இரண்டு மணிக்குக் குடல் நுண்ணுயிர்கள்.
பேசவந்த இளைஞர் ஒலிவாங்கியை வாங்கி
வாயருகே கொண்டுபோய்
ஒரு கணம் நிறுத்தினார்.
முகர்ந்து பார்த்தார்.
கருகிய நகம்.
வேறு ஒன்று கொண்டுவரட்டுமா என்று சைகை காட்டினேன்.
வேண்டாம் என்று தலையசைத்துப்
பேச ஆரம்பித்தார்.