மூணு சொட்டு, பக்கத்தில் ஒரு அம்மா

சனிக்கிழமை நாலிலிருந்து ஆறு வரை
சங்கத்தில் ஆட்டம் கிடையாது.
கேரம் போர்டுகள் எங்களுக்கு.
காய்களை டப்பாவில் அள்ளிப் போட்டுவிட்டு
பவுடர் தூவி, விரலால் எழுதுகிறோம்
ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சீனத்தை.
தப்பானால் உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு.

நானும் லியோனார்டும் வந்தது
என்.எஸ்.எஸ்ஸில் நாற்பது மணி நேரம் குறைந்ததால்.
எங்களுக்குத் தெரிந்தது எட்டுக் கவிதை.
ஒன்பதாவதை அவன்
பஸ்ஸில் நின்றபடி படித்துக்கொண்டு வருகிறான்.

நாலு தொனி என்றேன். யாருக்கும் பிடிபடவில்லை.
ரீகன்தான் "இன்னா" என்று ஆரம்பித்தான்.
நீட்டினால் அலுப்பு.
ஏற்றினால் கேள்வி.
இறக்கி ஏற்றினால், அப்படியா சேதி.
வெட்டினால் சண்டை.
அப்புறம் தொனியில் யாரும் தவறவில்லை,
என்னைத் தவிர.

மீன் என்ற எழுத்துக்குக் கீழே நாலு புள்ளி.
"மீனுக்கு ஏதுக்கா காலு?"
வால் என்று என் நோட்டில் இருந்தது.
வேறு எழுத்தில் வந்தால் அதுவே நெருப்பு என்றும்
சொல்லித் தொலைத்தேன்.
"அப்ப வறுவல்."
காசிமேட்டில் அதற்கு மேல்முறையீடு இல்லை.

கடலுக்கு இடப்பக்கம் மூணு சொட்டுத் தண்ணீர்.
வலப்பக்கத்துக்குள் ஒளிந்து ஒரு அம்மா.
இதற்காவது வாயைப் பிளப்பார்கள் என்றிருந்தேன்.
"தெரியுமே" என்றார்கள்,
"கடலம்மாதான?"

பழக்கத்துக்கு லியோனார்ட் கோத்த வரி:
ராத்திரி, தண்ணி, படகு, இல்லை, வா.
"யாருக்கா வரல?" யுவஸ்ரீ கேட்டாள்.
எழுதவில்லை.
"எப்போ? நேத்தா, இன்னிக்கா?"
அதுவும் எழுதவில்லை.
தமிழில் வினைக்கு ஒரு வாலாவது இருக்கும்,
வந்தேன், வந்தான், வருவாள் என்று.
இங்கே அது மொட்டையாக நின்றது பவுடரில்.
அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.
"எங்கம்மா இப்டித்தான் அப்பாகூட போன்ல பேசும்.
சோறு. மூடி. தூக்கம். வெச்சிடு."

இதைப் படித்தால் சீனாவில் வேலை கிடைக்குமா என்று
வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்.
இப்படி இப்போது அங்கே யாரும் பேசுவதில்லை என்று
சொல்ல வாய் வரவில்லை.
கையெழுத்து நல்லா வருது அண்ணா, என்றேன்.

ஆறரைக்கு எண்ணூர் நெடுஞ்சாலை.
துறைமுக கேட்டுக்குக் காத்து
கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய வரை.
யுவஸ்ரீ என் கையை உதறிவிட்டு ஓடினாள்.
நீலப் பெட்டி, வெள்ளை எழுத்து, அவளைவிட உயரம்:
மூணு சொட்டு. உள்ளே அம்மா.
முன்னால் போய் கதவைத் தட்டினாள்.
ஸ்டியரிங்கில் துண்டை மடித்துப் போட்டு
மூணு நாளாய்த் தூங்கிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.
"அப்பா, நீ ஏத்தினு வந்துருக்கறது கடலு!"
அவர் சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதுல டைல்ஸுன்னு போட்டுக்குதே பாப்பா."

அவள் கேட்கவில்லை.
பெட்டியின் புழுதியில் விரலால் எழுதிக்கொண்டிருந்தாள்:
ராத்திரி, தண்ணி, படகு, வா.
நாலாவது எழுத்தைக் காணோம்.
மறந்தாளோ என்னவோ.
திருத்தக் கை தூக்கினேன்.
அதற்குள் வரிசை பத்தடி நகர்ந்து
மறுபடி நின்றது.