சாட்சிக்கு ஆயிரத்தைந்நூறு

பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய்.
மத்தியானச் சோறு. பஸ் காசு தனி.
வவுச்சரில் 'தொழில்' என்று ஒரு கோடு இருக்கிறது.
பெனடிக்டா மிஸ் அதில்
'அனுபவம் பகிர்பவர்' என்று தானே எழுதிவிடுவார்.

கும்புறுப்பிட்டியில் சொன்னேன், நிலாவெளியில் சொன்னேன்.
மூதூரில் கரண்ட் போய் மைக் செத்தபோது
கத்திச் சொன்னேன்:
அறுபத்திரண்டு பேர், பத்தொன்பது நாள்,
மீன் போடும் ஐஸ் அறைக்குள் ஆளின் மேல் ஆள்.
எட்டாம் நாளிலிருந்து டீசல் மணக்கும் தண்ணியை
சோடா மூடியால் அளந்து குடித்தோம்.
இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன்.
நிறுத்தப் பழக்கியது மிஸ்தான்.
முன்வரிசை எச்சில் விழுங்குவது எனக்கே கேட்கும்.

'முதல் இரவை விட்டிடுங்கோ தம்பி' என்றார் ஒருநாள்.
திருகோணமலை வெளிச்சங்கள் ஒவ்வொன்றாய் அமிழ்ந்து
கோயில் மலையின் ஒற்றை விளக்கு மிஞ்சி
அதுவும் தண்ணிக்குள் இறங்கியபோது
நாங்கள் கைதட்டியதை, ஒருத்தன் விசிலடித்ததை,
இருபத்துமூன்று வயதில் முதல்தடவையாக
யாரும் என்னிடம் அடையாள அட்டை கேட்காத
அந்த இருட்டை.
'சந்தோஷத்தைச் சொன்னால் பொடியள் ஏறிடுவாங்கள்.'
சரி, விட்டேன்.

கடைசி வசனம் மாறுவதில்லை:
'தம்பிமாரே, நான் விட்ட பிழையை நீங்கள் விடாதேங்கோ.'
எந்தப் பிழை என்று
பதினேழு பள்ளிக்கூடங்களில் ஒருவரும் கேட்கவில்லை.
அவர்கள் கேட்டது:
என்ஜின் எத்தனை குதிரைவலு?
இப்ப ஆளுக்கு எவ்வளவு எடுக்கிறாங்கள்?
நேவி எந்தப் பக்கம் நிற்கும்?
ஒருத்தன் கொப்பியின் பின்மட்டையில் கணக்குப் போட்டான்.
மாணவர்கள் மிகுந்த ஆர்வம் காட்டினர் என்று
மிஸ் அறிக்கை எழுதினார்.

நேற்று தம்பலகாமம்.
மண்டபத்துக்கு வெளியே எருமைகள், வெட்டின வயல்.
கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன் எழும்பினான்.
இடது காதின் மேல்மடல் உள்ளே மடிந்திருந்தது.

அந்தக் காதை எனக்குத் தெரியும்.
பதினோராம் நாள் விடியும்வரை
என் தோளில் சூடாகக் கிடந்து
பிறகு சூடில்லாமல் கிடந்தது.
யதுர்சன்.
சாரத்தால் சுற்றி, தேவாரம் பாதி தெரிந்தவன் பாதி பாட
கடலில் விட்டோம்.

'அண்ணை, காசை ஆரிட்டக் குடுத்தனீங்கள்?'

இதற்கும் என்னிடம் பாடம் இருக்கிறது.
'ஏஜென்சிக்காரனிட்ட. பேர் தெரியாது.'

தெரியும்.
பதினான்கு பேரிடம் வாங்கிக் கட்டியவன் நான்.
தலைக்கு இருபத்தையாயிரம் எனக்கு நின்றது,
பதினைந்தாவது ஆளாய் என் இடம் இலவசம்.
யதுர்சனின் தாய் எருமை விற்ற காசை
பால்மாப் பைக்கற்றுக்குள் சுருட்டித் தந்தாள்.
எண்ணிப் பார் தம்பி என்றாள்.
எண்ணினேன்.
ஒரு சட்டி தயிரும் தந்தாள்,
சட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பின்னேரம் பஸ் நிலையத்தில்
மான் ஒன்று என் சோற்றுப் பார்சலின் தாளை இழுத்தது.
இந்த ஊர் மான்களுக்கு ஆளைப் பயமில்லை.
பதினான்கு பேர், என்றேன் அதனிடம்.
சத்தமாகத்தான் சொன்னேன்.
கச்சான் விற்கிற ஆள் திரும்பிப் பார்த்தார்.
அது தாளைத் தின்றுமுடித்துவிட்டு
அடுத்த ஆளிடம் போனது.

திங்கள் கிண்ணியா. எட்டரைக்கு வான் வரும்.
வவுச்சரில் கையெழுத்து முன்கூட்டியே வைத்தாயிற்று.

நான் பேர் தெரியாது என்றதும்
அவன் 'ஓம்' என்று இருந்துவிட்டான்.
ஆனால் கேட்கும்போது
அவன் கையில் பேனை மூடி கழன்றிருந்தது,
கொப்பி திறந்திருந்தது,
ஒரு பேரை எழுத.
தேடிப்பிடித்துக் கேட்கவா, காசு கட்டவா
என்று நான் கேட்கவில்லை.